நீரூற்றின் பூசாரி

திம்மராயன் பூசாரி ஆனது ஓர் ஆயில் இன்ஜினால்தான். இதை அவன் பின்னாளில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தான். ஒருவரும் அவன் சொன்ன அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் சாலையில் கெம்பசந்திரம் என்று ஒரு சந்தை ஊர். ஊர் நடுவே நான்கு சாலைகள் கூடும் இடத்தில் 1954இல் பஞ்சாயத்து ஒரு நீரூற்றைக் கட்டியது. இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் எந்த ராஜ்யத்தில் சேரும் என்று அப்போது ஒரே பேச்சு. டீக்கடையில் ஒரு பெஞ்சில் தமிழ் பேசுவார்கள், அடுத்த பெஞ்சில் தெலுங்கு பேசுவார்கள், சர்க்கரை போதவில்லை என்று ஒருவர் கன்னடத்தில் கத்துவார். ஆகவே யாருக்கும் கோபம் வராத சிலைகளாக இருக்கட்டும் என்று பஞ்சாயத்துத் தலைவர் சொல்லிவிட்டார். ராஜாக்கள் வேண்டாம், புலவர்களும் வேண்டாம். பேசிப் பேசி நான்கு சிலைகள் முடிவாயின. எருதுவிடும் விழாவில் ஓடும் காளை ஒன்று. ராகிக் கல் சுற்றும் பெண் ஒருத்தி. பம்பை அடிப்பவன் ஒருவன். நான்காவது, ஓங்கிய வாளும் காலடியில் நாயுமாக நிற்கும் வீரன். இவற்றை எந்த மொழிக்காரரும் தம்முடையதல்ல என்று சொல்ல முடியாது.

திம்மராயனுக்கு அப்போது இருபத்தாறு வயது. சென்னப்பன் என்ற மானாவாரி விவசாயிக்கு மூன்றாவது மகன். எட்டாவது வரை படித்துவிட்டு கிருஷ்ணகிரியில் ஒரு கடலை எண்ணெய் மில்லுக்கு வேலைக்குப் போனான். அங்கேதான் இன்ஜினோடு பழக்கம். சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவான். அப்பனுக்கு உடம்பு முடியாமல் போக, ஊருக்குத் திரும்பினான். நீரூற்று வேலை தொடங்கியதும் கலவை கலக்கப் போனான். அவன் கலக்கிய கலவையைச் சட்டியில் சுமந்தவள் அவன் மனைவி வெள்ளையம்மா.

சிலை செய்ய வந்தவர் சேலத்துக்காரர், ராஜப்பன். காளை, பெண், பம்பைக்காரன் மூன்றையும் அவர் கண்ணை மூடிக்கொண்டே செய்துவிட்டார். வீரன்தான் பிடிபடவில்லை.

"உங்க பக்கத்து வீரன் எப்படிப்பா இருப்பான்? மீசை மேல ஏறுமா, கீழ எறங்குமா?"

"எங்க கொல்லையிலயே ஒருத்தர் நிக்கறாருங்க. வந்து பாருங்க" என்றான் திம்மராயன்.

அவர்கள் நிலத்தின் வரப்பில் ஒரு பழைய நடுகல் இருந்தது. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு என்றைக்கோ வைத்த கல். இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட கற்களை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். ராஜப்பன் கல்லை ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டு வந்து, அதைப் பார்த்து ஆள் உயரத்துக்கு சிமென்டில் எழுப்பினார். வலது கையில் வாள், வலது தோளுக்கு மேலே ஓங்கியபடி. வாளுக்குள் குழாயை மறைத்து, நுனியிலிருந்து தண்ணீர் பீறிடும்படி செய்தார். திம்மராயனுக்கு அந்த வேலைப்பாடு மிகவும் பிடித்திருந்தது. நீரூற்றின் இன்ஜினை ஓட்டும் வேலையைப் பஞ்சாயத்து அவனுக்கே கொடுத்தது.

திறப்பு விழா அன்று இன்ஜின் கிளம்பவில்லை. இரண்டு வருடமாக மழை இல்லாத ஊர். பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். திம்மராயன் மூன்று முறை கைப்பிடியைச் சுற்றினான். அது இருமிவிட்டு அடங்கியது. அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. மில்லில் இன்ஜினைக் கிளப்பும் முன் கற்பூரம் காட்டுவது வழக்கம். இன்று காட்டவில்லை. ஓடிப்போய்க் கற்பூரம் வாங்கி வந்தான். இன்ஜின் கொட்டகை வாசலில் எண்ணெய்ப் பீப்பாய் திறந்து கிடந்தது. எண்ணெய்க்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது என்பதும் மில்லில் கற்றதுதான். ஆகவே பத்தடி தள்ளி, இன்ஜினுக்கு நேராக நின்று கற்பூரத்தைச் சுற்றினான். அவனுக்கும் கொட்டகைக்கும் இடையில் நின்றது வாள்வீரன் சிலை.

உள்ளே போய் மறுபடி சுற்றினான். இன்ஜின் பிடித்துக்கொண்டது. வால்வைத் திறந்தான். வாள் நுனியிலிருந்து தண்ணீர் எழுந்தது. வெளியே வந்து பார்த்தால் நாற்காலியில் இருந்தவர்கள் உட்பட எல்லோரும் கையைத் தலைக்கு மேல் கூப்பி நின்றிருந்தார்கள். அன்று சாயங்காலம் மழை கொட்டியது.

அடுத்த திங்கட்கிழமை சிலையின் நெற்றியில் மஞ்சள் இருந்தது. அதற்கடுத்த வாரம் ஒருவர் ஆட்டுக்கடாவோடு வந்து, "பூசாரி எங்கப்பா?" என்று கேட்டார். எல்லோரும் திம்மராயனைக் காட்டினார்கள்.

அவன் மறுத்திருக்கலாம். ஏன் மறுக்கவில்லை? பிறகு எத்தனையோ நாள் தன்னையே அவன் கேட்டுக்கொண்ட கேள்வி இது. அன்று வந்தவரின் குழந்தைக்குக் காய்ச்சல். விபூதி பூசினால் என்ன குறைந்துவிடும் என்று பூசினான். அவ்வளவுதான். பூசிய கையை அதன் பிறகு அவனால் கழுவ முடியவில்லை.

இரண்டு வருடம் ஓடியது. திங்கள், வெள்ளி விரதம். வெளியாள் வீட்டில் கை நனைக்கக் கூடாது. செருப்புப் போட்டு ஊருக்குள் நடக்கக் கூடாது. நான்கு சாலை மூலையில் சைக்கிள் கடை வைத்திருந்த லால் பாஷா அவனுடைய பழைய சிநேகிதன். பண்டிகைக்கு அவர்கள் வீட்டில்தான் திம்மராயன் சாப்பிடுவான். இப்போது அதுவும் நின்றுபோனது.

"இங்க வந்து நில்லு சாமி. காத்து எங்க ஊட்டுப் பக்கமிருந்துதான் அடிக்குது. வாசனைக்கு விரதம் கெடையாதில்ல?" என்பான் லால் பாஷா.

"உன் வாயில மண்ணைப் போட."

"பாரு, சாமி சாபம் குடுக்குது. எலே, சைக்கிளை ஓரமா நிறுத்துங்கப்பா, பஞ்சராயிரும்!"

லால் பாஷாவின் அண்ணன் முனீர் அகமது பெங்களூரில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் இருந்தார். அங்கே வேலைக்கு அவர் வாங்கி அனுப்பிய விண்ணப்பத்தை லால் பாஷாதான் திம்மராயன் கையில் திணித்தான். தை மாதம் ஒரு நாள் மாமனார் ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, திம்மராயன் பெங்களூர் போய்ப் பரீட்சையில் கலந்துகொண்டான். ஓர் இன்ஜினைப் பிரித்து மாட்டச் சொன்னார்கள். மாட்டினான். பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நல்ல கை என்று கன்னடத்தில் சொன்னார். அந்தக் கூடத்தில் யாரும் அவனைச் சாமி என்று கூப்பிடவில்லை. யாரும் அவன் காலைத் தொடவில்லை. கையைத்தான் பார்த்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனுக்கு அழுகை வந்தது.

வைகாசியில் வேடியப்பனுக்குத் திருவிழா வைத்தார்கள். புதன்கிழமை திம்மராயனுக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிட்டால், ஒன்பது நாள் கழித்து அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மறுநாள் வியாழக்கிழமை கடிதம் வந்தது. வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலையில் சேர வேண்டும், தவறினால் அந்த இடம் அடுத்தவருக்குப் போகும்.

"இந்தக் கவுத்தை அவுத்துப் போட எவ்வளவு நேரமாவும்? நான் அவுக்கட்டுமா?" என்றான் லால் பாஷா.

"நீ அவுத்தா ஊர்ல கலாட்டா ஆயிரும் பாய்."

"அப்ப கட்டிக்கிட்டே போ. பெங்களூர்ல கவுறு கட்டினவன் லேத் ஓட்டக்கூடாதுன்னு சட்டமா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம், முழுக்கைச் சட்டையால் கயிற்றை மறைத்துக்கொண்டு, திம்மராயன் பெங்களூர் பஸ்ஸில் ஏறினான். இரண்டு நாள் முன்னதாகவே போய் முனீர் அகமது வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று எண்ணம். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். டிக்கெட்டுக்குக் கையை நீட்டியபோது சட்டைக்கை மேலே ஏறியது. கண்டக்டர் கயிற்றைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், விசிலை ஊதினான்.

"சாமி, நீங்களா? எறங்குங்க சாமி."

"எனக்கு அவசர வேலை இருக்குதுப்பா."

"காப்போட எல்லை தாண்டுனா வண்டி கவுந்துரும். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது. இளீரி ஸ்வாமி, இளீரி" என்று பயத்தில் அதையே கன்னடத்தில் கெஞ்சினான். அதற்குள் பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். ஒரு கிழவி தன் கூடையோடு இறங்கியே போய்விட்டாள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திம்மராயன் இறங்கினான். நடந்தே போயிருக்கலாம். காட்டுவழியில் நடந்தால் ஓசூர் ஒரு பகல்தான். ஆனால் அவன் போன பிறகு ஒரு மாடு செத்தால், ஒரு மழை தவறினால், ஊர் யாரைப் பிடிக்கும்? படுத்த படுக்கையாக அப்பன் இருந்தான். வெள்ளையம்மா இருந்தாள். அது மட்டும்தானா காரணம்? வண்டி கவிழும் என்று கண்டக்டர் சொன்னபோது தன் கையும் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டதே, அது ஏன்? சிமென்டைக் கலக்கியவன் தான்தான் என்பது அந்தக் கைக்குத் தெரியாதா?

மறுநாள் காலை மணியக்காரர் கோவிந்தப்பன் நாலு பேரோடு கொட்டகைக்கு வந்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அதனால்தான் அவரிடம் தப்பிக்க முடியாது.

"பஸ் ஏறினியாமே திம்மராயா?"

"ஆமாங்ணா. வேலை கெடச்சிருக்குது. திங்கக்கெழமை போயாவணும்."

"போ. யாரு வேணாங்கறாங்க? காப்பு அவுத்ததும் போ."

"அதுக்குள்ள எடம் போயிருமுங்ணா." திம்மராயன் எழுந்து நின்றான். எப்படியோ வாய் திறந்துகொண்டது. "அண்ணா, ஒண்ணு சொல்றன், கேளுங்க. அன்னிக்கு நான் கற்பூரம் காட்டினது சாமிக்கு இல்ல. இந்த இன்ஜினுக்கு. எண்ணெய் கிட்ட நெருப்பு ஆவாதுன்னு தள்ளி நின்னு காட்டினன். நடுவுல பொம்மை இருந்துச்சு. அவ்வளவுதான். நான் பூசாரி இல்ல. அது சாமி இல்ல. எல்லாம் இன்ஜினு!"

மணியக்காரர் இன்ஜினை நிதானமாகப் பார்த்தார். கூட வந்திருந்த சரோஜம்மாள், ஊரில் யாருக்கு அருள் வந்தாலும் விளக்கம் சொல்பவள், கன்னத்தில் கை வைத்தாள்.

"இதை ஏன்டா சாமி ரெண்டு வருசமா மறைச்ச? அப்ப சாமி மொதல்ல எறங்கினது இன்ஜின்லதான். அங்கிருந்து கொழாய் வழியா வந்து செலையில ஏறியிருக்குது! நாமதான் குருடாட்டம் இருந்துட்டம்."

"அதானே! இல்லன்னா அம்மாம் பெரிய சத்தம் எங்கிருந்து வரும்?" என்றார் இன்னொருவர்.

மத்தியானத்துக்குள் இன்ஜின் சக்கரத்துக்கும் வால்வுக்கும் மஞ்சளும் குங்குமமும் பூசியாயிற்று. சிலிண்டருக்கு மாலை. அன்றைக்குத்தான் கிரீஸ் போட்டுத் துடைத்திருந்தான் திம்மராயன். குங்குமம் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. இனிமேல் பூசாரி குடும்பத்தார் தவிர யாரும் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது, பூசாரியும் குளிக்காமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது மணியக்காரர் மட்டும் திரும்பி வந்தார்.

"உன் மனசு எனக்குப் புரியுது. நாளைக்குக் காலையில பூ வெச்சுக் கேப்பம். சாமியோட ரெண்டு தோள்லயும் ஒவ்வொரு பூ. வலது பூ மொதல்ல விழுந்தா, நானே காப்பை அவுத்து பஸ் ஏத்தி உடறேன். இடது பூ விழுந்தா, நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?"

திம்மராயன் சரி என்றான். வேறு என்ன சொல்ல முடியும்?

விஷயத்தைக் கேட்ட லால் பாஷா சைக்கிள் டியூபைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

"அட மக்கு சாமி! இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கற? வாள் எந்தக் கையில இருக்குது?"

"வலது கையில."

"தண்ணி எங்கிருந்து வருது?"

திம்மராயன் அவனை வெறித்துப் பார்த்தான். வால்வை வழக்கம்போல் அரைச் சுற்று திறந்தால் வாள் நுனியிலிருந்து தண்ணீர் வளைந்து எழுந்து தொட்டியில் விழும். கால் சுற்று மட்டும் திறந்தால் எழும்பத் தெம்பில்லாமல் வாள் வழியே ஒழுகி வலது தோளில் இறங்கும். இன்ஜின் தண்ணீர் ஏற்றி வைக்கும் மேல்தொட்டி நிறைந்திருந்தால் போதும், அப்போது இன்ஜின்கூட ஓட வேண்டாம். வால்வு மூடியிருக்கும்போதே சில சொட்டு ஒழுகுவது வழக்கம்தான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவன் சாயங்காலமே ஓர் அரளிப் பூவைச் சந்தனத்தில் ஒட்டி வைத்துப் பார்த்தான். கால் சுற்று. ஐந்து எண்ணுவதற்குள் பூ நழுவியது.

ஒரே ஒரு சிக்கல். பூசாரி சிலைக்கு முன்னால் நிற்க வேண்டும். கொட்டகைக்குள் போகக்கூடியவள் இன்னும் ஒருத்திதான்.

வெள்ளையம்மா ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும் வரை சல்லடையை நிறுத்தவில்லை.

"மணி அடிச்சா கால் சுத்து. அவ்வளவுதானே மாமா?"

"அவ்வளவுதான். பூ விழுந்ததும் மூடிரு."

"அங்க போனா தண்ணிக்கு எங்க போவணும்?"

"தெருவுக்குத் தெரு கொழாய் இருக்குதாம். முனீர் பாய் சொன்னாரு."

"வரிசையில நிக்கணுமா?"

"எல்லாரும் நிக்கறதுதான்."

அவள் தலையை ஆட்டினாள். அவனுக்கு அது சம்மதமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு சாலையிலும் ஜனம். லால் பாஷா கடைக்கு வெளியே ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தான். சிலையைத் துடைத்துக் காய வைத்து, இரண்டு தோளிலும் சந்தனம் தடவி, வலதில் ஒரு வெள்ளை அரளியும் இடதில் ஒரு சிவப்பு அரளியும் மணியக்காரர் தன் கையாலேயே ஒட்டினார். பம்பை ஓய்ந்தது. வெள்ளையம்மா குளித்து, ஈரத் தலையோடு கொட்டகைக்குள் போனதைத் திம்மராயன் பார்த்தான். கும்பலில் நின்ற பெண்கள் விலகி அவளுக்கு வழி விட்டார்கள். ஒருத்தி குனிந்து அவள் கால்பட்ட மண்ணை எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள்.

கற்பூரம் காட்டினான். மணியை அடித்தான்.

ஐந்து எண்ணினான். பத்து எண்ணினான். வாள் காய்ந்து கிடந்தது. கேட்டிருக்காதோ? மறுபடி அடித்தான், பலமாக. ஜனத்துக்குப் பூசாரியின் வேகத்தைப் பார்த்து மெய் சிலிர்த்தது. "வேடியப்பா!" என்று கத்தினார்கள். அந்தச் சத்தம் அடங்கிய பிறகும் வாளில் ஒரு சொட்டு இல்லை. எப்போதும் ஒழுகும் சொட்டுக்கூட இல்லை. அவளே வால்வை இறுக்கி மூடியிருக்க வேண்டும்.

அவன் கொட்டகைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான்.

"நில்லு பூசாரி, உத்தரவு வராம நகரக் கூடாது" என்றார் மணியக்காரர் மெதுவாக.

நின்றான். வெயில் ஏறியது. எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியவில்லை. சிவப்புப் பூவின் கீழே சந்தனம் காய்ந்து வெடிப்பது மட்டும் தெரிந்தது. அது முதலில் லேசாகத் தலை சாய்த்தது. பிறகு இடது தோளிலிருந்து உருண்டு நாயின் முதுகில் பட்டு, வற்றிய தொட்டியில் விழுந்தது.

நான்கு சாலையும் அதிர்ந்தது. சரோஜம்மாள் ஆட ஆரம்பித்தாள். லால் பாஷா ஸ்டூலிலிருந்து இறங்கி, கடைக்குள் போய்விட்டான்.

"உத்தரவைச் சொல்லு பூசாரி. மூணு தடவை சொல்லணும், அதான் முறை" என்றார் மணியக்காரர்.

"போக உத்தரவு இல்ல" என்றான் திம்மராயன்.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"போக உத்தரவு இல்ல. போக உத்தரவு இல்ல."

கொட்டகைக்குள் போனான். வெள்ளையம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வால்வுச் சக்கரத்தின் மேல். உள்ளங்கை சிவந்திருந்தது.

"ஏன்டி?"

அவள் நிமிரவில்லை.

"சாமின்னு பயந்தியா? சிமென்டுடி அது! நீதானடி சட்டி சட்டியா சுமந்த!"

"சுமந்தன் மாமா. நான் சுமந்தப்ப ஒருத்தியும் எனக்கு வழி உடல. கெணத்துல கடைசியா மொண்டவ நான். இப்ப பாக்கறல்ல?" அவள் குரல் அழுகிற குரலாக இல்லை. "அங்க உன் கையைப் பாத்து நல்ல கைன்னு சொன்னாங்களாம், சைக்கிள் கடை பாய் சொன்னாரு. என் கையைப் பாத்து என்ன சொல்லுவாங்க?"

"அப்ப நேத்தே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ உட்டிருப்பியா? திருப்பணும்னுதான் மாமா வந்தன். நீ மொத மணி அடிக்கற வரைக்கும் திருப்பணும்னுதான் இருந்தன்."

திம்மராயன் அவள் மேல் கோபப்பட ஏதோ ஒன்று வேண்டும் என்று தேடினான். தேடத் தேட, தன்னைப் பற்றித்தான் கிடைத்தது. தை மாதம் பெங்களூரிலிருந்து வந்தவன், அந்தக் கூடத்தைப் பற்றி லால் பாஷாவிடம் மூன்று முறை சொன்னான். இவளிடம் ஒரு முறையாவது சொன்னானா? நீ வருகிறாயா என்று கேட்டானா?

வெளியே கத்தினார்கள். "பூசாரி! தண்ணி! சாமியைக் குளிர வையி!"

"நகரு" என்றான்.

அவள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். அவன் சக்கரத்தைப் பிடித்தான். கால் சுற்றில் நிற்கவில்லை. அரையில் நிற்கவில்லை. முட்டும் வரை, தோள் வலிக்க, ஒரே மூச்சில் திருப்பினான். அப்படி ஒருநாளும் திறந்ததில்லை. குழாய் அதிர்ந்தது. மேல்தொட்டித் தண்ணீர் முழுதும் வாளுக்குள் பாய்ந்து, தொட்டியைத் தாண்டி, ஜனத்தின் முகத்தில் போய் அறைந்தது. வலது தோளின் வெள்ளைப் பூ, மாலை, மஞ்சள், சந்தனம் எல்லாம் அடித்துக்கொண்டு போயின. மணியக்காரரின் தலைப்பாகை அவிழ்ந்தது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

இப்போதாவது யாராவது திட்டுவார்கள் என்று திம்மராயன் சக்கரத்தைப் பிடித்தபடி காத்திருந்தான்.

பெண்கள் குலவையிட்டார்கள்.

"பூசாரி மேல சாமி எறங்கிருச்சு! குளுந்து போச்சுடா ஊரு!" என்று சரோஜம்மாள் நனைந்தபடி கூவுவது கேட்டது. குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு தொட்டியை நோக்கி வந்தன. யாரோ ஒருவர் கொட்டகை வாசலில், உள்ளே கால் வைக்காமல், இரண்டு கையையும் குவித்து நீட்டி நின்றார்.

"தீர்த்தம் சாமி."

திம்மராயன் சக்கரத்தை விட்டான். கை முழுக்கக் குங்குமமும் கிரீஸும். வேட்டியில் துடைத்தான், போகவில்லை. வெள்ளையம்மா மூலையில் இருந்த செம்பில் தண்ணீர் மொண்டு, அவன் பக்கம் நீட்டினாள்.